கம்பளியோடு கந்தப்பளைக்கு

புதன்கிழமை காலை ஆறே முக்கால் மணி. பொகவந்தலாவை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பேக்கரிக்கு எதிரில், மகன் விட்டுப்போன நீலப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு நின்றேன். பையின் ஜிப் பழுதானது. நாலு ஊக்கு குத்தி வாயை மூடியிருந்தேன். நாற்பத்தொரு வருஷம் முதுகில் தேயிலைக் கொழுந்து சுமந்தவளுக்கு இது பெரிய பாரம் இல்லை. ஆனால் பஜாரில் எல்லோரும் பார்ப்பதுபோல் இருந்ததால் பேக்கரிச் சுவரோடு ஒட்டி நின்றேன்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். இதற்கு முன் கடிதம் தவிர வேறு எதுவும் எழுதியதில்லை. கூட வந்த கயல் என்கிற பிள்ளைதான், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள், தூரமும் விலையும் போட்டு எழுதுங்கள், போகாதவர்கள் படிப்பார்கள் என்று சொல்லி, நூறு பக்கக் கொப்பி ஒன்றும் வாங்கித் தந்தாள்.

கயலுக்கு இருபத்தேழு வயது. தமிழ்நாட்டில் துறையூர். அவளோடு வந்தவள் மார்த்தா, போலந்து நாட்டுக்காரி, ஆறடி உயரம். இருவரும் ஒரு சிவப்பு ஆட்டோவை மாத வாடகைக்கு எடுத்து, தாங்களே ஓட்டிக்கொண்டு இலங்கையைச் சுற்றி வருகிறார்கள். காலி, மாத்தறை எல்லாம் பார்த்துவிட்டு மலைக்கு ஏறியிருந்தார்கள். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ஆட்டோ சூடேறி நின்றது. தண்ணீர் கேட்டு வந்தாள் கயல். அவள் பேச்சு எங்கள் பேச்சு மாதிரியே இருந்தது. எங்கள் தாத்தாவும் துறையூர்ப் பக்கம் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வாளியைத்தான் நீட்டினேன்.

அடுத்து நுவரெலியா, அப்புறம் கந்தப்பளை, இராகலை, வலப்பனை வழியாக இறங்கித் திருகோணமலைக் கடலுக்குப் போகிறோம் என்றாள்.

"கந்தப்பளையில என் தங்கச்சி இருக்கா" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

"அப்ப எங்ககூட வாங்களேம்மா. பின்சீட்டு காலியாத்தான் இருக்கு."

பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. செவ்வாய்க்கிழமை மூன்று மைல் நடந்து பஜாருக்கு வந்து, அவர்கள் தங்கியிருந்த இடத்து வாசலில் நின்று, வருகிறேன் என்று சொன்னேன்.

தங்கை சரோஜாவைப் பார்க்கப் போகிறேன் என்று அவர்களிடம் சொன்னேன். அது பொய் இல்லை. ஆனால் முழுவதும் சொல்லவில்லை. நான் வேலையில் இருந்து நின்று எட்டு வருஷம் ஆகிறது. மகன் சிவா தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ததால் எங்களுக்கு லயத்துக் காம்பிரா, ஒற்றை அறை வீடு இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் அவன் பெண்சாதி பிள்ளையோடு கொழும்புக்குப் போய்விட்டான். அங்கே கடைக்கு மேலே ஒரே அறை, மூன்று பேர். "கொஞ்ச நாள் பொறுங்கம்மா" என்கிறான். வேலைக்காரர் இல்லாத வீட்டை வேலைக்காரருக்குக் கொடுப்பதுதான் தோட்டத்து வழக்கம். மண் சரியும் என்று எழுதிவைத்த மேல் லயத்தில் ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு இருக்கிறது. மாதம் முடிந்ததும் என் காம்பிரா அவர்களுக்கு. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் புதன்கிழமை, மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

சரோஜா என்னைவிட ஐந்து வயது இளையவள். அவளோடு இருந்துகொள்ளலாமா என்று கேட்கத்தான் போனேன். போனில் கேட்க முடியாது. அது அவள் மகனுடைய போன். மருமகள் பக்கத்தில் இருப்பாள். நேரில் மட்டும் கேட்டுவிடுவேனா? அதற்குத்தான் பையின் அடியில் கம்பளியை வைத்தேன்.

இதை விளங்கச் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் விருந்துக்குப் போகிறவர் கம்பளி கொண்டுபோக மாட்டார். எவ்வளவு இல்லாத வீடானாலும் வந்தவருக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. சொந்தக் கம்பளியோடு ஒருவர் வந்தால், தங்குவதற்கே வந்திருக்கிறார் என்று அர்த்தம். படுக்கப்போகும் நேரத்தில் அதை எடுத்து விரித்தால் போதும். யாரும் எதுவும் கேட்பதில்லை, சொல்வதுமில்லை. என் மாமியாரின் விதவைத் தங்கை அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பத்தொன்பது வருஷம் இருந்தாள். வாய் இல்லாதவர்களுக்கு நல்ல வழக்கம் என்று நினைத்தேன்.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். மார்த்தா ஓட்டினாள். அவள் முட்டி இரண்டும் கைப்பிடிக்கு மேலே நின்றன. எதிரே பஸ் வந்தபோதெல்லாம் கயல் ஏதோ கத்த, மார்த்தா சிரித்தபடி வடிகான் ஓரத்துக்கு ஒதுக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நோர்வூட் தாண்டியதும் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரிந்தது. மார்த்தா ஆட்டோவை நிறுத்திப் படம் எடுத்தாள். எத்தனையோ தடவை அந்த வழியாக அட்டன் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. பார்த்தால் மனம் லேசாகும் என்றாள் கயல். எனக்கு ஆகவில்லை.

அட்டனுக்கு எட்டரை. ரொட்டி ஒன்று எண்பது ரூபாய், பிளேன்டீ ஐம்பது. மிளகாய் இடித்த கட்டைச் சம்பலைத் தின்றுவிட்டு மார்த்தா அழுதாள். கடைக்காரர் சீனி ஒரு கரண்டி இலவசமாகக் கொடுத்தார்.

கொட்டகலை தாண்டி டெவன் நீர்வீழ்ச்சி. சாலையில் இருந்தே தெரியும். இன்னும் கொஞ்ச தூரத்தில் சென்கிளேயர். இரண்டையும் பார்க்க மேடை கட்டி, கடை போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு பெண் புதுச் சேலை கட்டி, பிரம்புக் கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு செடியோரம் நின்றாள். இப்போது மலையில் யாரும் பிரம்புக் கூடை மாட்டுவதில்லை. சாக்கும் நைலோன் பையும்தான். மார்த்தா அவளைப் படம் எடுத்து இருநூறு ரூபாய் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் விரலைப் பார்த்தேன். கறை இல்லை. கொழுந்து எடுத்தவள் விரலில் கறுப்புக் கோடு போகவே போகாது. என் கையில் இன்னும் இருக்கிறது. அவளும் என் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாக, "நாலு பிள்ளைங்க இருக்கு அக்கா, சொல்லிறாதீங்க" என்றாள். யாரிடம் நான் என்ன சொல்லப்போகிறேன்? தலையை ஆட்டினேன்.

நானுஓயாவில் பொலிஸ்காரர் மறித்தார். வெள்ளைக்காரி ஓட்ட, பின்னால் கிழவி உட்கார்ந்திருப்பது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். அனுமதிப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து, இவர்கள் உங்களுக்கு என்ன வேண்டும் அம்மா என்று சிங்களத்தில் கேட்டார். சொந்தம் என்று சொல்ல முடியாது. முதலாளி என்றும் சொல்ல முடியாது. "யாளுவோ" என்றேன், சிநேகிதர் என்று. அந்தச் சொல்லை என்னைப் பற்றி எந்த மொழியிலும் அதற்கு முன் நான் சொன்னதில்லை. அவர் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார்.

"என்னம்மா சொன்னீங்க?" என்று கயல் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

நுவரெலியா வந்து சேர மூன்று மணி. அட்டனில் இருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். வழி நெடுக நின்று நின்று வந்ததால் அவ்வளவு நேரம். ஸ்டிராபெரி ஒரு சிறிய பெட்டி ஐந்நூறு ரூபாய். புளித்தது. ஏரியில் மார்த்தா படகு ஓட்டினாள். நான் கரையில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூந்தோட்டம், குதிரை, வெள்ளைக்காரன் காலத்து வீடுகள், பலூன் விற்கிறவர்கள். கொழும்பில் இருந்து வந்தவர்கள் குல்லாய் போட்டு, வாயில் இருந்து புகை வருகிறது பார் என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். குளிரைக் காசு கொடுத்துப் பார்க்க வருகிறார்கள். பிறகு மழை வந்தது.

தங்கிய அறை மூன்று பேருக்கு ஐயாயிரம் ரூபாய். கட்டிலில் இரண்டு கைப்பிடி உயரத்துக்கு வெள்ளை மெத்தைப் போர்வை. நான் தரையில் படுக்கிறேன் என்றதற்குக் கயல் கேட்கவில்லை. அந்தப் போர்வைக்குள் படுத்தபோது, வேலை நின்றபின் முதல்முறையாகக் கால் சூடாக இருந்தது. அப்போது ஒரு நினைப்பு வந்தது. கீழே ஒரு சாக்கு, மேலே என் கம்பளி என்று இருந்தால் ஒரு ஆள் மூலைக் கோடியில்கூடப் படுத்துவிடலாம். சரோஜா வீட்டில் கோடி இருக்கும். இருந்தால் போதும்.

வியாழக்கிழமை காலை ஒன்பதுக்குப் புறப்பட்டு, பத்து மணிக்குக் கந்தப்பளை. பதினான்கு கிலோமீட்டர். வழியில் தேயிலை பாதி, மரக்கறி பாதி. லீக்ஸ், கரட், கிழங்கு வரிசை வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஈர மண் வாசம் ஆட்டோவுக்குள் வந்தது. பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் பலசரக்குக் கடையில் பிஸ்கட் பெட்டி ஒன்று வாங்கினேன், எழுநூற்றைம்பது ரூபாய். சரோஜாவின் தோட்டத்துப் பேரைச் சொன்னதும், எந்தக் கணக்கு என்று நானா கேட்டார். தோட்டத்துப் பிரிவைக் கணக்கு என்போம். மேல்கணக்கு என்றேன்.

"சரோஜாம்மா அக்காவா? முகம் அப்படியே இரிக்கி. அவ இன்னும் மலைக்குப் போறாவே, கைக்காசுக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை எனக்கிட்டத்தான் சாமான் வாங்குவா. பாவம், நல்ல மனுசி."

கைக்காசு என்றால் பேர் பதியாமல் நாள் கூலிக்குக் கொழுந்து எடுப்பது. அறுபத்துமூன்று வயதில் சரோஜா மலைக்குப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. போனில் சொன்னதில்லை. "பாவம்" என்று அவர் எதற்குச் சொன்னார் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

கீழே மாரியம்மன் கோயிலோடு ரோட்டு முடிந்தது. அதற்கு மேல் ஒரு மைல் ஏற்றம், ஆட்டோ போகாது. பாதி வழிவரை கயல் என் பையைப் பிடுங்கித் தன் முதுகில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா உள்ள பாறாங்கல்லா? ரெண்டு நாளா நீங்க ஒண்ணும் எடுக்கவும் இல்ல, வைக்கவும் இல்ல."

"துணி" என்றேன்.

நாளைக்குக் காலை ஒன்பதுக்குக் கோயிலடியில் நிற்போம், வருவதானால் வாருங்கள், தங்குவதானால் மேலே இருந்து கையை ஆட்டிவிடுங்கள், நாங்கள் போய்விடுவோம் என்றாள். கையை ஆட்டத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன்.

சரோஜா லயத்துக் கோடியில், தண்ணீர் விழும் பீலியடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷம். அம்மா செத்ததற்கு வந்தாள், அப்புறம் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஒரு பகல் பயணம்தான். ஆனாலும் பார்க்கவில்லை. அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பையைப் பார்த்தாள். பையைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

"அக்கா, நீ தனியாவா வந்த?"

"சிநேகிதக்காரங்ககூட" என்றேன்.

"உனக்கா!" என்று சிரித்தாள். ஈரக்கையால் என் தாடையைப் பிடித்தாள். அவள் கை என் கையைவிடக் கறுத்திருந்தது.

வீட்டைப் பற்றி எழுதவேண்டும். முன்னால் பத்துக்குப் பன்னிரண்டடி காம்பிரா, பின்னால் அடுப்படி. காம்பிராவில் ஒரு கட்டில். அதில் மருமகள் மலருடைய தகப்பன், சீனி வியாதியில் ஒரு கால் பாதத்தை எடுத்தவர், படுத்திருந்தார். மகன், மலர், மூன்று பிள்ளைகள் தரையில். சரோஜா அடுப்படியில். அடுப்புக்கும் விறகுக்கும் நடுவில் ஒரு சாக்கு விரிந்திருந்தது. அதன் அகலம் என் பையின் அகலம்தான். அதன் தலைமாட்டில் அவளுடைய கம்பளி மடித்து வைத்திருந்தது. செம்மண் நிறம், சிவப்புக் கரை. அடுப்பு நெருப்பு தெறித்து ஒரு பக்கம் ஓட்டை. நான் பையைத் தோளில் இருந்து இறக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

மலர் நல்ல பிள்ளை. சீனி போட்டுத் தேத்தண்ணீர் தந்தாள். நான் கொண்டுபோன தேயிலைத்தூளைப் பார்த்து, "தேயிலைக்குத் தேயிலை கொண்டாந்தீங்களா பெரியம்மா" என்று சிரித்தாள். சோறு, பருப்பு, லீக்ஸ் வதக்கி, கருவாடு பொரித்து வைத்தாள். என் தட்டில் இரண்டு துண்டு, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று. சரோஜா தட்டில் இல்லை. சாப்பிட்டு முடிந்ததும் மலர் கேட்டாள்:

"எத்தனை நாளைக்கு இருப்பீங்க பெரியம்மா?"

அதில் ஒரு கெடுதலும் இல்லை. அரிசி எவ்வளவு போடவேண்டும் என்று பார்க்கிறவள் கேட்கிற கேள்வி. பதிலுக்கு நான் சும்மா இருந்திருக்கலாம். படுக்கும் நேரம்வரை சும்மா இருந்திருந்தால் கம்பளி பேசியிருக்கும். கட்டிலில் கிடந்தவர் இருமினார். சின்னப் பிள்ளை என் பையின் ஊக்கைத் திறந்து பார்க்கக் கையை வைத்தது. நான் அதன் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கே போகணும், ஆட்டோ வருது" என்று சொல்லிவிட்டேன்.

மலர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்கவும் பார்த்தாள். அதனால்தான் நல்ல பிள்ளை என்கிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சரோஜாவோடு தண்ணீர் எடுக்கப் போனேன். அங்கே இருந்து பார்த்தால் எதிர்மலை முழுவதும் தேயிலை, அதற்குக் கீழே மரக்கறித் தோட்டம், அதற்கும் கீழே மேகம். மார்த்தா பார்த்திருந்தால் ஒரு மணி நேரம் படம் எடுத்திருப்பாள். வாளியைப் பீலியடியில் வைத்துவிட்டு, சரோஜா என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அக்கா, உங்க வீட்டுல இப்ப யாரு யாரு?"

"நான்தான். சிவா குடும்பத்தோட கொழும்புல."

"அப்ப நீ ஒண்டியா."

"ஆமா."

"எனக்கு அடுப்படி போதும் அக்கா." அவள் குரல் அவ்வளவு சின்னதாக இருந்தது. "கைக்காசுக்கு அங்கயும் கொழுந்து எடுப்பேன். என் சோத்துக்கு நான் பாத்துக்குவேன். இங்க அந்த மனுசன் கால் ஆறுற வரைக்கும் நான் எங்கயாச்சும் இருந்தா அவரு அடுப்புப் பக்கம் சூடா படுக்கலாம்னு மலரு நெனக்கிறா. வாயத் தொறந்து சொல்லல. எனக்குத் தெரியுது."

வாளி நிறைந்து வழிந்தது. அப்போது சொல்லியிருக்கவேண்டும். எனக்கே வீடு இல்லை சரோஜா, இன்னும் பதினொரு நாளில் என் காம்பிரா வேறு ஆளுக்கு, உன்னிடம் கேட்கத்தான் வந்தேன் என்று. மூன்று வாக்கியம். இப்போது கொப்பியில் எழுதுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அப்போது வரவில்லை.

"பாப்போம்" என்றேன்.

அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள். வாளியைத் தூக்கும்போது வலது காலைச் சாய்த்து வைத்தாள். சின்ன வயதில் நாங்கள் இருவரும் ஒரே தடியில் ஒரு வாளி தூக்குவோம். அப்போதும் அவள் அப்படித்தான் சாய்வாள்.

படுக்கும் நேரத்தில் மலர் தன் கல்யாணப் போர்வையைப் பெட்டியில் இருந்து எடுத்து எனக்குக் கொடுத்தாள். கற்பூர உருண்டை வாசம் அடித்தது. அடுப்படிச் சாக்கில் சரோஜாவும் நானும் ஒருக்களித்துப் படுத்தோம். ஒருத்தி திரும்பினால் மற்றவளும் திரும்பவேண்டும். என் பையை விறகுக்கு மேல் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு முகம் கழுவிவிட்டு வந்தபோது, சரோஜா என் பையைக் கட்டி முடித்திருந்தாள். நாலு ஊக்கும் மாட்டியிருந்தது. நான் ஊக்கை நேராகக் குத்துவேன். இவை குறுக்கே இருந்தன. ஊரில் இருந்து வந்தவரை வெறும் பையோடு அனுப்பக்கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். கிழங்கோ கரட்டோ உள்ளே போடுவார்கள். எனக்கு அது நினைவுக்கு வரவே இல்லை. சரோஜாவைப் பார்த்தேன். அவள் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

கோயிலடிவரை அவளே பையைச் சுமந்து வந்தாள். கயலும் மார்த்தாவும் நின்றிருந்தார்கள். மார்த்தா கைகூப்பி வணக்கம் சொன்னாள். சரோஜா பையை ஆட்டோவுக்குள் வைத்தாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, பின்சீட்டுக்குக் குனிந்து என்னிடம் சொன்னாள்:

"கெழங்கு அடியில இருக்கு. கம்பளி ரெண்டும் மேல வச்சிருக்கேன், மண்ணு படாம."

அவ்வளவுதான். ஆட்டோ புறப்பட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கனவே ஏற ஆரம்பித்திருந்தாள், வலது காலைச் சாய்த்து வைத்து.

இராகலை பஜாரில் கயல் தேத்தண்ணீருக்கு நிறுத்தினாள். நான் இறங்கவில்லை. இராகலையில் இருந்து வலப்பனைக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், எல்லாம் இறக்கம். ஒரு திருப்பத்தில் தேயிலை நின்றுபோனது. அதற்குக் கீழே படிப்படியாக வயல். பச்சை வேறு பச்சை. காற்று சூடானது. அறுபத்தெட்டு வயதில் தேயிலை இல்லாத மலையை அன்றுதான் பார்த்தேன். இதற்கு மேலும் நாடு இருக்கிறது, கடல்வரை இருக்கிறது என்று கயல் கையைக் காட்டினாள். அவ்வளவு இடம்.

வலப்பனை பஸ் நிலையத்துக்குப் பதினொன்றரைக்கு வந்தோம். அங்கேதான் பையைத் திறந்தேன். மேலே என் கறுப்புக் கம்பளி. அதற்குக் கீழே செம்மண் நிறக் கம்பளி, ஓட்டைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து. அதற்குக் கீழே சாக்குத் துண்டில் சுற்றி நாலு கிலோ கிழங்கு.

கயல் கேட்டாள். இந்தமுறை சொன்னேன். வழக்கத்தைச் சொன்னேன், காம்பிராவைச் சொன்னேன், பீலியடியில் அவள் கேட்டதையும் சொன்னேன். சரோஜா என் கம்பளியைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துகொண்டாள். நான் போக்கிடம் இல்லாமல்தான் வந்தேன் என்று தெரிந்தும், தன் கம்பளியையும் அதோடு வைத்தாள். நீ எங்கே விரிக்கிறாயோ அங்கேதான் நானும் என்று அதற்கு அர்த்தம்.

"அப்ப திருப்பிப் போய்க் குடுத்துடலாமாம்மா? அவங்க குளிருக்கு என்ன பண்ணுவாங்க? நாங்க கொண்டுபோய் விடறோம்."

"கம்பளியத் திருப்பிக் குடுத்தா வராதேன்னு சொல்றதும்மா."

கயல் மார்த்தாவிடம் இங்கிலீசில் ரொம்ப நேரம் சொன்னாள். மார்த்தா ஆட்டோவை விட்டு இறங்கி, ரோட்டோரம் போய் நின்றாள். திரும்பி வந்து, கடலுக்கு வாருங்கள், நாலு நாள், பிறகு நாங்களே வீட்டில் விடுகிறோம் என்று கயலைக் கொண்டு சொல்லச் சொன்னாள். நான் கடலைப் பார்த்ததில்லை. ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பேர் கம்பளியைச் சுமந்துகொண்டு ஒருத்தி மட்டும் கடல் பார்க்க எப்படிப் போவது? கிழங்கில் பாதியை அவர்களுக்குக் கொடுத்தேன். மார்த்தா என்னைக் கட்டிப்பிடித்தபோது என் தலை அவள் நெஞ்சுக்குத்தான் எட்டியது. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

பன்னிரண்டு பத்து பஸ். நுவரெலியாவுக்கு மூன்று மணி, அட்டனுக்கு ஐந்தேகால், பொகவந்தலாவைக்கு ஆறரை. போகும்போது மூன்று நாளில் பார்த்ததெல்லாம் வரும்போது ஆறேகால் மணி நேரத்தில் பின்னால் போனது. சென்கிளேயரில் அந்தக் கூடைக்காரி இன்னும் நின்றாள். ஏரியில் இன்னும் படகு ஓடியது. இலங்கை அழகான நாடு என்று வந்தவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். உண்மைதான். ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு சாக்கு விரிக்க இடம் கேட்டால்தான் அது சின்ன நாடாகிவிடுகிறது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது. மேல் லயத்துப் பிள்ளை நேற்றுக் குழந்தையோடு வந்து, வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்தாள். உள்ளே வரக் கூச்சப்பட்டாள். நான்தான் வா என்று கூப்பிட்டு, தொட்டில் கட்ட எந்தக் கூரை வளை பலம் என்று காட்டினேன்.

இன்று காலை சரோஜா பேசினாள். மகன் போன்தான். பின்னால் மலர் பிள்ளைகளை அதட்டும் சத்தம் கேட்டது.

"அங்க குளிரா அக்கா?"

"இங்க அவ்வளவு இல்ல. அங்க?"

"இங்கயும் இல்ல" என்றாள். கந்தப்பளையில் குளிர் இல்லையாம்.

காசு போகிறது என்று யாரோ சொன்னார்கள்.

"கம்பளி ரெண்டும் பத்திரமா இருக்கு" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டாள்.

மாதம் முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது.